ரவிக்கை, மஞ்சள், கிரீம்

(அம்பேத்கர் பிறந்தநாளையொட்டிச் சிவகங்கைப் பக்கம் ஓர் ஊரில் நடந்த பெண்கள் கூட்டத்தில் பேசியது. பேச்சை முழுக்க எழுத்துநடைக்கு மாற்றாமல் தந்திருக்கிறேன்.)

 

எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'பெண்ணின் உடலும் தன்னம்பிக்கையும்'. தன்னம்பிக்கைங்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துரும். அதைச் சொல்றவங்க பெரும்பாலும் கழுத்துல டை கட்டிக்கிட்டு வர்றாங்க. கொஞ்ச நாளைக்கு முன்னால் அப்படி ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று 'நான் அழகாக இருக்கிறேன், என்னால் முடியும்' என்று பத்துத் தடவை சொல்லணும் என்றார் வகுப்பெடுத்தவர். பக்கத்தில் இருந்த தோழி என் காதில், 'பத்துத் தடவை சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஏழரை பஸ்ஸு போயிரும்டி' என்றாள். சிரித்துவிட்டேன். ஆனால் வீடு வந்து சேரும்வரை ஒரு கேள்வி கூடவே வந்தது. நான் அழகில்லை என்று முதலில் என்னிடம் சொன்னது யார்? எத்தனை தடவை சொன்னார்கள்? பத்துத் தடவை சொல்லி அழிக்கிற கணக்கா அது?

நான் ஒரு வங்கியில் கிளார்க். கவிதை எழுதுகிறவள் என்பது எங்கள் கிளையில் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு நான் மூணாம் நம்பர் கவுன்டர். சில வருஷத்துக்கு முன்னால் அந்தக் கவுன்டருக்குக் கணக்குத் தொடங்க ஒரு அக்கா வந்தது. நூறு நாள் வேலைக்குப் போகிற அக்கா. விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தேன், ஆளைப் பார்த்தேன். போட்டோவில் இருந்த பெண் கோதுமை நிறம், கன்னம் வழவழவென்று பளிங்கு மாதிரி. எதிரில் நின்றவர் நல்ல கருப்பு, நெற்றியில் ஒரு பழைய தழும்பு.

'அக்கா, இது நீங்கதானா?'

'நாந்தேன் தாயி. ஸ்டுடியோக்காரத் தம்பி வெள்ளையாக்கித் தரவான்னு கேட்டுச்சு. இருபது ரூவா கூட. சரி, பேங்குக்குப் போறமே, நல்லா இருக்கட்டும்னு குடுத்தேன்.'

போட்டோவும் ஆளும் ஒத்துப்போகணும் என்பது விதி. 'இது செல்லாதுக்கா, வேற எடுத்துட்டு வாங்க' என்றேன். அந்த அக்கா முகம் சுருங்கிப்போனது. இருபது ரூபாய் போனதற்காக மட்டும் இல்லை. தன் முகம் வங்கிக்கு ஆகாது என்று நினைத்து வேறு ஒரு முகத்தோடு வந்தார். வங்கி அந்த முகத்தையும் திருப்பி அனுப்பிவிட்டது. திருப்பி அனுப்பியவள் யார்? காலையில் கழுத்து வரைக்கும் பவுடர் அப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற நான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பேச்சே பொய்யாகிவிடும். பதினாலு வயசிலிருந்து இருபத்தைந்து வயசு வரைக்கும், பதினோரு வருஷம், நான் சிவப்பாகிற கிரீம் பூசினேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீங்க, மாத்தி மாத்திப் பூசினேன். முதல் கவிதைத் தொகுப்பில் கருப்பைக் கொண்டாடி எழுதியிருக்கிறேன். இங்கே சிலபேர் படிச்சிருப்பீங்க. அந்தக் கவிதைகளை எழுதின ராத்திரிகளிலும் பூசிக்கொண்டுதான் படுத்தேன்.

நம்ம பாஷையைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. வெளுப்பா இருந்தா 'கலரா இருக்கா' என்கிறோம். கருப்பா இருந்தா 'கலர் கம்மி' என்கிறோம். கருப்பு ஒரு நிறம்கூட இல்லையாம், நிறத்தில் ஏற்பட்ட குறைச்சலாம். பழைய பாட்டுகளில் இப்படி இல்லை. சங்கக் கவிதையில் பெண்ணின் அழகான நிறத்துக்குப் பெயர் மாமை, மாந்தளிர் நிறம். காதலன் பிரிந்துபோனால் அவள் மேலே படர்கிற வெளிறலுக்குப் பெயர் பசலை. அது நோய். அன்றைக்கு நோயாக இருந்த வெளிறல் இன்றைக்கு ட்யூபில் விற்கிறது. ஆனால் இதைச் சொல்லித் தமிழ்ப் பெருமை பேசிவிட்டு உட்கார நான் தயாரில்லை. அந்தப் பாட்டுகளில் மாமையை இழந்து வாடுகிற தலைவி வயலில் நாற்று நடுகிறவள் இல்லை. எங்க அம்மாவை எந்தப் புலவரும் பாடவில்லை.

எனக்கு மாப்பிள்ளை பார்த்த கதையை இங்கே சொல்லலாம். நகைக்கடனுக்கு நகை கொண்டு வந்தால் எங்கள் மதிப்பீட்டாளர் என்ன செய்வார் தெரியுமா? மொத்த எடை போடுவார், அதில் கல், அரக்கு, அழுக்கு எல்லாம் கழித்து நிகர எடை எழுதுவார். அப்படித்தான் என்னையும் போட்டார்கள். 'பொண்ணு கலர் கம்மி, ஆனா பேங்கு வேலை.' நிறத்துக்குக் கழித்தது போக, சம்பளத்தைச் சேர்த்து, நிகர எடைக்குச் சம்மதம் ஆயிற்று. சொன்னது என் நாத்தனார். இப்போ நாங்க நல்லாத்தான் பேசிக்கிறோம், அதனால இதுக்கு மேல வேண்டாம்.

இதெல்லாம் டிவி வந்து கெடுத்தது, விளம்பரம் கெடுத்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. கெடுத்தது உண்மைதான். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் சந்தைக்கு வந்தது. நான் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறபோது அதற்கு ஒரு விளம்பரம் ஓடியது. மகன் இல்லையே என்று அப்பா புலம்புவார், கருப்பான மகள் காதில் விழும், கிரீம் பூசுவாள், விமானப் பணிப்பெண் ஆகிவிடுவாள். ஜனநாயக மாதர் சங்கம் அந்த மாதிரி விளம்பரங்களை எதிர்த்துப் புகார் கொடுத்து, 2003-ல் அவை நிறுத்தப்பட்டன. 2005-ல் ஆம்பிளைகளுக்கும் தனி கிரீம் வந்தது. 2020-ல் அமெரிக்காவில் கருப்பினத்தவர் தெருவில் இறங்கிய பிறகு இங்கே 'ஃபேர்' போய் 'க்ளோ' என்று பெயர் மாறியது. பெயர் மாறிவிட்டது என்பதைத் தவிர நம்ம ஊர்க் கடையில் நான் வேறு மாற்றம் பார்க்கவில்லை. இதைவிட மோசம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசுகிற ஸ்டீராய்டு களிம்பு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு சொல்லியாகிவிட்டது. இன்னும் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பரு வந்து, சிலபேருக்கு முகத்தில் முடி முளைக்கும். தெரிஞ்சவங்க யாராவது பூசினா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. திடீர்னு நிறுத்தினாலும் எரிச்சல் கூடும்.

சினிமாவைப் பற்றி ஒன்றே ஒன்று. 2007-ல் வந்த 'சிவாஜி'. அதில் ரெண்டு கருத்த பெண்கள் வருவார்கள். பாரி மகளிர் பெயர்தான் அவர்களுக்கு, அங்கவை சங்கவை. அவர்கள் நிறம்தான் நகைச்சுவை. அதே படத்தில் கதாநாயகன் வெள்ளைத்தோலாக மாறி ஆடுகிற பாட்டும் உண்டு. தியேட்டரே சிரித்தது. கல்லூரிப் பெண்கள் ஒரு வரிசை நிறைய உட்கார்ந்திருந்தோம், எல்லாரும் கருப்பு. நாங்களும் சிரித்தோம். சிரிக்காவிட்டால் அது நாம்தான் என்று தெரிந்துவிடுமே.

ஆனால் விளம்பரத்துக்கும் சினிமாவுக்கும் முன்னால் ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்தவர் ஹட்டன் என்கிற வெள்ளைக்காரர். இந்தியச் சாதிகளைப் பற்றி 1946-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. 1930 டிசம்பரில் நம்ம ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்குப் போட்ட எட்டுத் தடைகள். தங்க நகையோ வெள்ளி நகையோ போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மிச்சம் ரெண்டு பெண்களுக்கென்றே போட்டது. உடம்பின் மேல்பாகத்தைத் துணியாலோ ரவிக்கையாலோ தாவணியாலோ மூடக்கூடாது. பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது.

மீறினவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியக் குதிர்களை அழித்தார்கள், ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள் என்றும் ஹட்டன் எழுதுகிறார். அடுத்த வருஷம் ஜூன் மாதம் எட்டுத் தடை பதினொன்றாக வளர்ந்தது.

இந்தப் பட்டியலை நான் படித்தபோது எனக்கு முப்பது வயசு. பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். எங்க அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. அப்பத்தா அந்தப் பட்டியலுக்குச் சில வருஷம் கழித்துப் பிறந்தது. அதோட ஆத்தா கடைசிவரைக்கும் ரவிக்கை போட்டதில்லையாம். அப்பத்தாவுக்குக் கல்யாணத்தின்போதுதான் முதல் ரவிக்கை. ஊர்த்தெரு வழியாப் போகும்போது முந்தானையை இழுத்து இழுத்து அந்த ரவிக்கை தெரியாம மூடிக்கிட்டுப் போகுமாம். உடம்பை மறைக்க ரவிக்கை, ரவிக்கையை மறைக்க முந்தானை. இதை எங்களிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொல்லும்.

தாத்தா இருந்தவரைக்கும் அப்பத்தா பூ வைக்கும். ஆனால் மற்றவர்கள் மாதிரித் தொங்கவிடாது. கொண்டைக்கு உள்ளே, அடியில், கண்ணுக்குத் தெரியாமல் சொருகிக்கொள்ளும். சின்னப் பிள்ளையில் ஒருநாள், 'வெளிய தெரியிற மாதிரி வச்சா என்ன அப்பத்தா?' என்று கேட்டேன். 'பூவு வாசத்துக்குத்தானடி, பாக்குறதுக்கா?' என்றது. அது அப்பத்தாவோட ரசனை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கவிதைகூட எழுதியிருக்கிறேன், வாசம் பிடிக்கிற பெண் என்று. என்ன முட்டாள்தனம். அது ரசனை இல்லை. பயம் பழக்கமாகி, பழக்கம் ரசனை மாதிரி ஆகிப்போனது.

இப்போ அந்தப் பயிற்சி வகுப்புக்காரரை நினைத்துப் பாருங்க. எங்க அப்பத்தாவைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பத்துத் தடவை சொல்லச் சொன்னால் என்ன ஆகும்? உடம்பைப் பற்றிய கூச்சம் மனசுக்குள் தானாக முளைத்ததாகப் பேசுகிறார்கள். நம்ம பெண்களுக்கு அது உத்தரவாக வந்தது, எட்டு ஷரத்தோடு வந்தது. அசிங்கமா இருக்கணும்னு உத்தரவு போட்டான். அப்புறம் அசிங்கமா இருக்காளுகன்னு மூக்கைப் பொத்தினான். ராத்திரியில் அதே உடம்பைத் தேடிக்கொண்டும் வந்தான். அப்போது தீட்டும் இல்லை, கலரும் கம்மி இல்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. பெரியார் பெண்களைப் பார்த்து நகை மாட்டுகிற ஸ்டாண்டாக இருக்காதே, முடியை வெட்டிக்கொள் என்ற பொருளில் பேசினார். பெண்ணியத் தோழியர் பலர் பூவும் மஞ்சளும் அடிமைச் சின்னம் என்கிறார்கள். அவர்கள் இருக்கிற இடத்திலிருந்து அது சரி. ஆனால் எது எனக்கு மறுக்கப்பட்டதோ அதை நான் முதலில் தலையில் வைத்துப் பார்க்கவேண்டாமா, பிறகல்லவா தூக்கி எறிய முடியும்? அண்ணல் அம்பேத்கர் 1927 டிசம்பரில் மகத் மாநாட்டில் பெண்களிடம் தனியாகப் பேசினார். நீங்கள் சேலை கட்டுகிற விதமும் முழங்கை வரைக்கும் மாட்டியிருக்கிற வெள்ளி, ஈயக் காப்புகளும் உங்களைத் தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கின்றன, அந்த அடையாளத்தை ஒழியுங்கள், மற்றவர்கள் கட்டுகிற மாதிரி கட்டுங்கள் என்று சொன்னார். கேட்ட பெண்கள் அங்கேயே சேலைக்கட்டை மாற்றினார்கள். பெரியார் நகையைக் கழற்றச் சொன்னதும் அண்ணல் காப்பைக் கழற்றச் சொன்னதும் ஒன்றில்லை. ஒன்று ஆண் பார்வையை எதிர்த்து, இன்னொன்று சாதி முத்திரையை எதிர்த்து. நம்ம உடம்பு மேலே ரெண்டும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அப்போ 'மற்றவர்கள் மாதிரி' இருக்க ஆசைப்படுவது கலகமா, போலச்செய்தலா? ஒருத்தி தோள்சீலை கேட்டாள், ஒருத்தி கிரீம் கேட்கிறாள். ரெண்டும் 'அவர்கள் மாதிரி' ஆகிற ஆசைதானே என்று ஒரு தோழர் என்னிடம் வாதாடினார். ரொம்ப நாள் யோசித்தேன். தெற்கே திருவிதாங்கூரில் 1822-லிருந்து 1859 வரைக்கும் நாடார் பெண்கள் மார்பை மூடுகிற உரிமைக்காக அடிபட்டார்கள். சந்தையில் அவர்கள் துணியைக் கிழித்தார்கள், வீடுகளை எரித்தார்கள். 1859 ஜூலையில் மன்னர் அனுமதி கொடுத்தார். அதிலும் ஒரு கொக்கி வைத்துக் கொடுத்தார்: மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் மூடுகிற மாதிரி மூடக்கூடாது. உடம்பு மறைந்தாலும் சாதி தெரியணும்!

எனக்குக் கிடைத்த பதில் இதுதான். யாருக்குக் கோபம் வருகிறது என்று பாருங்கள். தோள்சீலை போட்டபோது கோபம் வந்தது, வீடு எரிந்தது. நம்ம சீமையில் ரவிக்கை போட்டபோது கோபம் வந்தது. 2012-ல் தருமபுரியில் நத்தம் காலனி எரிந்த சமயத்தில் ஒரு கட்சித் தலைவர் என்ன பேசினார்? ஜீன்ஸும் டீ சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு நம்ம பையன்கள் மயக்குகிறார்களாம். துணிமேல் அன்றைக்கும் கோபம். 2018-ல் நம்ம மாவட்டத்தில், கச்சநத்தத்தில் மூணு பேரை வெட்டிக் கொன்றார்கள். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. ஒரு உடம்பு எப்படி உட்கார வேண்டும் என்பதற்கு உயிர் விலை. ஆனால் நான் பதினோரு வருஷம் கிரீம் பூசினேனே, எவனுக்காவது கோபம் வந்ததா? ஒருத்தனுக்கும் வரலை. கடைக்காரர் சில்லறை கொடுத்தார். அவ்வளவுதான்.

தோள்சீலைக்காரி தனியாகக் கேட்கவில்லை, கூட்டமாகக் கேட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பூசினேன்.

நம்ம ஆண் தோழர்களைப் பற்றியும் சொல்லணும், பின்வரிசையில நாலைஞ்சு பேர் இருக்காங்க. ஒரு தோழர், மேடை ஏறினால் கருப்புதான் நம் நிறம், மண்ணின் நிறம் என்று தொண்டை கிழியப் பேசுவார். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது என்னிடம், 'தோழர், தம்பிக்குப் பொண்ணு பாக்குறோம். உங்க பேங்குல நம்மாளுகள்ல யாராவது நல்ல கலரா இருந்தாச் சொல்லுங்க' என்றார். மண்ணின் நிறத்தில் ஒருத்தி அவர் எதிரில் டீ டம்ளரோடு நிற்கிறாள் என்பது அவர் கண்ணுக்குப் படவே இல்லை. சிரிக்காதீங்க. நம்ம வீட்டு ஆம்பிளை வாய்தான் பல பெண்களுக்கு முதல் கண்ணாடி. 'கரிச்சட்டி'ன்னு செல்லமாக் கூப்பிடுற அப்பனும் அதில் சேர்த்தி.

வேலைக்கு வந்த கதையிலும் கொஞ்சம் உண்டு. அப்போது கிளார்க் வேலைக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. பயிற்சி கொடுத்தவர் எங்களில் நாலு பேரை மட்டும் தனியே கூப்பிட்டு, வெளிர் நிறச் சேலை கட்டுங்க, எண்ணெய் வைக்காதீங்க, சத்தமாச் சிரிக்காதீங்க என்றார். நாலு பேரும் காலனிப் பெண்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது அந்த வேலைக்கு நேர்முகத் தேர்வே இல்லை, எழுத்துத் தேர்வோடு சரி. நமக்கு அது நல்லது. முகத்தைப் பார்த்து மார்க் போடுகிற இடம் ஒன்று குறைந்தது.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கருப்பினத் தம்பதி, ரெண்டு பேரும் உளவியல் அறிஞர்கள், 1940-களில் சின்னப் பிள்ளைகள் முன்னால் ஒரு வெள்ளைப் பொம்மையையும் ஒரு கருப்புப் பொம்மையையும் வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். கருப்புக் குழந்தைகளிலேயே நிறையப் பேர் வெள்ளையைக் காட்டினார்கள். எது கெட்ட பொம்மை என்றால் கருப்பைக் காட்டினார்கள். கடைசியில், எது உன்னை மாதிரி இருக்கிறது என்று கேட்டபோது சில பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். மூணு வயசிலிருந்து ஏழு வயசுக்குள் இருக்கிற பிள்ளைகள். 1954-ல் பள்ளிகளில் நிறவாரிப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியபோது இந்த ஆய்வையும் கணக்கில் எடுத்தது.

என் மகளுக்கு ஏழு வயசு. போன மாசம் பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். கிரேயான் டப்பாவில் ஒரு வெளிர் ரோஸ் கலர் இருக்கும், பிள்ளைகள் அதை 'ஸ்கின் கலர்' என்பார்கள். யாரோட ஸ்கின்னோ! படத்தில் எனக்கும் அவள் அப்பாவுக்கும் பிரவுன் அடித்திருக்கிறாள். அவளுக்கு மட்டும் ஸ்கின் கலர். பிள்ளை என்னை மாதிரிதான், அச்சு அசல். 'ஏன்டா தங்கம், உனக்கு மட்டும் இது?' என்றேன். 'நான் இன்னும் வளரலைல, வளந்தாத்தான் அம்மா மாதிரி ஆவேன்' என்றாள்.

அவளிடம் நான் ஒன்றும் பேசவில்லை. ஹட்டன் பட்டியலையா படித்துக் காட்ட முடியும்? இப்போதைக்கு ஒன்று செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளை எங்க அம்மாகிட்ட விட்டுவிடுகிறேன். அம்மா அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, அப்பத்தா கதை, ரவிக்கைக் கதை எல்லாம் சொல்லும். போன வாரம் பூ வைத்துவிட்டிருந்தது. கொண்டைக்கு அடியில் இல்லை. காதுக்கு மேலே, தோளில் புரள்கிற மாதிரி, ஒரு முழம். அதோடு ஊர்த்தெரு வழியாகவே கூட்டிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டது. வழியில் ஒருத்தர் 'என்ன, பேத்திக்குப் பூவெல்லாம் பலமா இருக்கு' என்றாராம். 'ஆமா, வாங்கி வச்சேன்' என்றதாம் அம்மா.

நான் விட்ட கிரீம் ட்யூப் ஒன்று பாதி மிச்சத்தோடு பீரோவில் கிடந்தது. காலாவதி ஆகிப் பல வருஷம். அம்மா அதை எடுத்துக் கால் வெடிப்புக்குப் பூசிக்கொண்டிருந்தது. 'வேலை செய்யுதாம்மா?' என்று கேட்டேன். 'செருப்பு வாங்கிக் குடுடி, அதுதான் வேலை செய்யும்' என்றது.

மணி ஆயிருச்சு. கடைசி பஸ் எட்டு இருபதுக்கு. கேள்வி இருந்தா இப்பவே கேளுங்க.